தொண்டை கட்டியவளைப் பாட விடாதீர்கள்

பாட்டு சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கென்று ஈப்போவில் ஒரு கூட்டம் நடந்தது. எஸ்டேட்டில் பல வருடமாக வகுப்பு நடத்துகிறவள் என்று யாரோ சொல்லி என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கேமரன் மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கிப் போனேன். எனக்கு முன்னால் பேசிய எல்லாரும் இசை தெய்வீகம், ஆசிரியர் விளக்கு, மாணவர் திரி என்றார்கள். நன்றாகக் கை தட்டினார்கள். நான் சளி, தூசி, சத்தம், ஆஸ்பத்திரி என்று பேசினேன். கொஞ்ச நேரத்திலேயே ஏற்பாட்டாளர் பக்கத்தில் வந்து நின்று, "டீச்சர், நாலு நல்ல வார்த்தையா சொல்லி முடிச்சிருங்க லா, சாப்பாடு ஆறுது" என்று காதில் சொன்னார். பொன்னாடை போட்டார்கள். இறங்கிவிட்டேன்.

அங்கே சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன். விளக்கு, திரி எதுவும் இதில் இல்லை. ஒரு பெண்ணின் குரல் எப்படிப் போனது என்பதுதான் இருக்கிறது. பாட்டு சொல்லிக் கொடுக்கிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

எங்கள் எஸ்டேட்டில் முன்பு ஓர் ஆயாக்கொட்டகை இருந்தது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். இப்போது கொழுந்து வெட்டுபவர்களில் பெரும்பாலானவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் தனியாக வந்த ஆண்கள். அவர்களுக்கு இங்கே கைக்குழந்தைகள் இல்லை. கொட்டகை காலியாகக் கிடந்தது. மானேஜரிடம் கேட்டு வாங்கி அதில்தான் வகுப்பு நடத்துகிறேன். பகலில் பூந்தோட்டத்தில் பூக்களைக் கட்டிப் பெட்டியில் அடுக்கும் வேலை. சாயங்காலம் பாட்டு.

கொட்டகைக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. மழைச் சத்தத்தை மீறிப் பாடு என்று பிள்ளைகளை விரட்டுகிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அது பாடம் இல்லை, கத்தல் போட்டி. மழை பெய்தால் நான் பாட்டை நிறுத்திவிடுவேன். கையால் தாளம் போட வைப்பேன், இல்லையென்றால் வார்த்தைகளை மனப்பாடம் செய்யச் சொல்வேன். கேமரன் மலையில் மழை நாள்தான் அதிகம் என்பதால் என் பிள்ளைகளுக்குப் பாட்டைவிடத் தாளம் நன்றாக வரும். பரவாயில்லை.

அந்தப் பெண் முதலில் வந்தது அப்படி ஒரு மழை நாளில்தான். முப்பதைத் தாண்டிய வயது. எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை சலிக்கும் இடத்தில் வேலை. உடம்பெல்லாம் தேயிலைத் தூசியோடு வாசலில் நின்றாள்.

"யாரைக் கூட்டிட்டுப் போக வந்த?" என்று கேட்டேன்.

"யாரையும் இல்ல டீச்சர். நான்தான் படிக்கணும். பிள்ளைங்களுக்கு எடம் போக மிச்சம் இருந்தா ஓரமா ஒக்காந்துக்கிறேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "சிரிங்கடா சிரிங்க, பரீட்சையில நான்தான் மொத ஆளு பாருங்க" என்றாள். மழை விட்டதும் ஒரு வரி பாடிக் காட்டினேன். திருப்பிப் பாடினாள். சுருதி கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று எல்லாரும் தேடித்தான் போய்ச் சேர்வார்கள். இவள் தேடவில்லை. நேராகப் போய் நின்றாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அப்படி நிற்பவர்களை என் வாழ்நாளில் அதிகம் பார்த்ததில்லை.

அவளிடம் நான் திருத்தியது ஒன்றே ஒன்று. கோயில் ஒலிபெருக்கியில் கேட்டுப் பழகியதால் எல்லாவற்றையும் உயரத்தில் பாடினாள். ஐந்தரைக் கட்டை சுருதியிலிருந்து அவளை நாலரைக்கு இறக்கினேன். "ஏன் டீச்சர், மேல பாடுனாதானே கேக்கும்?" என்றாள். "கேக்குறவன் காதுக்குப் பாடாத, ஒன் தொண்டைக்குப் பாடு" என்றேன். புதிதாக வருகிறவர் எந்த சுருதியில் பாட ஆசைப்படுகிறார் என்று பார்க்காதீர்கள். எந்த சுருதியில் சும்மா பேசுவது போல பாடுகிறார் என்று பாருங்கள். அதுதான் அவருடைய இடம்.

மலையில் இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர் எங்கள் வகுப்பின் சரஸ்வதி பூசைக்கு வந்தார். அவள் பாடியதைக் கேட்டார். பள்ளி முடிந்தபின் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தர ஆள் தேடிக்கொண்டிருந்தார். பாலர் வகுப்பிலும் உதவிக்கு ஆள் வேண்டும். "அம்மன் திருவிழா முடிஞ்சதும் வந்து சேர்ந்துக்கம்மா" என்று அவளிடமே சொன்னார்.

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போகவே இல்லை. கொட்டகைப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"தூசி இல்லாத வேலை டீச்சர். நம்புவீங்களா? வெள்ளச் சேலை கட்டிட்டுப் போய்ட்டு வெள்ளச் சேலையோட திரும்பி வரலாம்."

அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவள் ஃபேக்டரியை விட்டு வெளியே போகப் போகிறாள். எனக்கும் சந்தோஷம்தான். திருவிழா ஒன்று மட்டும் குறுக்கே இருந்தது.

எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் கரகம் பாலிப்பது என்று ஒரு சடங்கு. கீழே ஆற்றங்கரையில் கரகத்தை ஜோடித்து வைப்பார்கள். அதைத் தலையில் தூக்கப் போகிறவர் முன்னால் நிற்பார். பம்பையும் உடுக்கையும் அடிக்க, ஒருவர் அவர் முகத்தைப் பார்த்து அம்மனை அழைத்துப் பாட வேண்டும். தூக்குபவருக்கு அருள் வரும் வரை பாட்டு நிற்கக் கூடாது. நின்றால் பாதி வழி வந்த அம்மன் திரும்பிப் போய்விடுவாள், அந்த வருடம் எஸ்டேட்டுக்கு ஆகாது என்பார்கள். பாடுகிறவருக்கும் காப்புக் கட்டுவார்கள். அருள் இறங்கும் வரை அவர் வாயில் தண்ணீர்கூடப் படக் கூடாது.

வழக்கமாகப் பாடுகிறவர் மகனோடு இருக்கக் கோலாலம்பூருக்குப் போய்விட்டார். கோயில் தலைவர் இவளைப் பாடச் சொன்னார். தலைவர்தான் ஃபேக்டரியிலும் கணக்குப் பார்க்கும் கிராணி. அவளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர். அவர் கேட்டால் அவள் முடியாது என்று சொல்ல முடியாது. அவளுக்குச் சொல்லவும் மனமில்லை. அம்மனை அழைத்துப் பாட ஒரு பெண்ணைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

திருவிழாவுக்கு முன்னால் ஒருநாள் வகுப்புக்கு வந்து, "வணக்கம் டீச்சர்" என்றாள். அந்த வணக்கத்திலேயே தெரிந்துவிட்டது. குரலின் அடியில் மணல் அரைபட்டது. இதை எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன். பாட ஆரம்பித்தபின் கேட்காதீர்கள். உள்ளே நுழைந்து வணக்கம் சொல்லும்போது கேளுங்கள். பாடும்போது மறைத்துவிடுவார்கள். பேசும்போது மறைக்க முடியாது.

"எத்தன நாளா இப்படி?"

"ஃபேக்டரில தூசி இழுக்குற ஃபேன் கெட்டுப்போச்சு டீச்சர். எல்லாருக்கும்தான் இருமல்."

"பாடாத. பேச்சையும் கொற. கிளினிக்குப் போ."

"தொண்டைக்கெல்லாம் எம்.சி. லீவு குடுக்க மாட்டாங்க லா. பனங்கற்கண்டு போட்டுக்கிட்டேன், சரியாயிடும்."

பனங்கற்கண்டு, தேன், அதிமதுரம், கற்பூரவல்லி. எல்லாம் வாய்க்கு நன்றாக இருக்கும். குரல் இருப்பது காற்று போகும் குழாயில். நீங்கள் விழுங்குவது வேறு குழாயில் போகிறது. அது அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. ஆறுகிறது என்றால் சும்மா இருந்ததால் ஆறுகிறது. கிசுகிசு என்று பேசினால் ஓய்வு என்று நினைக்கிறார்கள். அதுவும் தொண்டையை இறுக்கும். வாயை மூடிக்கொண்டு இருப்பது ஒன்றுதான் மருந்து. கற்கண்டு கொடுக்கும் ஆசிரியர்கள் நிறைய இருக்கிறார்கள். வாயை மூடு என்று சொல்பவர்கள் இல்லை.

நான் கோயிலுக்குப் போனேன். தலைவரும் நாலைந்து பேரும் பந்தல் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தலைவரே, அவளுக்குத் தொண்ட சரியில்ல. இந்த வருஷம் வேற ஆளைப் பாருங்க."

"திருவிழான்னா எல்லாத்துக்கும் தொண்ட கட்டத்தான் செய்யும் டீச்சர். மலை லா இது. எனக்கே பாருங்க." இருமிக் காட்டினார்.

"அப்ப ரெண்டு பேரா பாட விடுங்க. ரிங்லெட் டவுன்ல நல்லா பாடுற ஒரு தம்பி இருக்கான். மாத்தி மாத்திப் பாடட்டும். நடுவுல ஒரு வாய் சுடுதண்ணி குடுங்க."

"சாமி கூப்புடுறதுக்கு ஷிஃப்ட் போடச் சொல்றீங்களா? இது என்ன ஃபேக்டரியா?"

எல்லாரும் சிரித்தார்கள். பந்தல் கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் மேலேயிருந்து, "ஓவர்டைம் உண்டா டீச்சர்?" என்றான். அதற்கும் சிரித்தார்கள்.

தலைவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "டீச்சருக்குப் பாட்டு தெரியும், ஒத்துக்கிறேன். சாமி விஷயம் எங்களுக்குத் தெரியும். விடுங்க" என்றார்.

கரகம் பாலிக்கும் அன்று மத்தியானத்திலிருந்தே தூறல். ஆற்றங்கரையில் கூட்டம். தார்ச்சாலையில் வேனை நிறுத்திவிட்டு வந்த சுற்றுலாக்காரர்கள் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு லோரியில் ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் கொண்டுவந்திருந்தார்கள். கரகம் தூக்கப் போகிறவர் காய்கறி லோரி ஓட்டுபவர். வருடா வருடம் அவருக்குப் பாட்டு ஆரம்பித்தவுடனே அருள் வந்துவிடும்.

அவள் மஞ்சள் சேலையில் அவர் எதிரே நின்றாள். ஆரம்பித்தாள். மைக் இருந்ததால் தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டு மெதுவாகத்தான் பாடினாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே நாலரைக் கட்டை. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அப்போது ஜெனரேட்டர் நின்றது. தூறலில் என்னவோ ஆகிவிட்டது. ஒலிபெருக்கி செத்துப்போனது.

பம்பைக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. அவளுக்குத் தேவை. பம்பைச் சத்தத்தில் அவள் வாய் அசைவதுதான் தெரிந்தது. பம்பைக்காரர்களைக் கொஞ்சம் தணித்து அடிக்கச் சொல்லலாம். யாரும் சொல்லவில்லை. நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமா பாடு, ஆத்தாளுக்குக் கேக்கட்டும்!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவள் சுருதியை ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள்.

லோரிக்காரர் அப்படியே நின்றார். கண்ணைச் சிமிட்டினார். ஃபோன் பிடித்திருந்தவர்களைப் பார்த்தார். அருள் வருவதாக இல்லை.

"என்னடா, லோரி ஸ்டார்ட் ஆவலையா?" என்றான் ஒருவன்.

"தள்ளி விடணும் போல" என்றான் இன்னொருவன்.

தலைவர் திரும்பி முறைத்தார். அவர்கள் அடங்கினார்கள். அவள் பாடிக்கொண்டே இருந்தாள். பாட்டு முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. மலைச்சரிவில் பனி இறங்கி, அந்தப் பக்கக் கரை மறைந்துவிட்டது. அவள் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தேன். ஒரு பெண் என் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"காப்புக் கட்டிருக்கு டீச்சர். பாவத்தைத் தேடிக்காதீங்க."

"அவ தொண்ட கிழியப் போவுதும்மா."

"ஆத்தா பாத்துக்குவா."

அப்போதுதான் அது நடந்தது. மேலே ஏறிப் பிடித்த ஓர் இடத்தில் அவள் குரல் உடைந்தது. உடைந்தது என்றால் தடுமாறியது இல்லை. துணி கிழிவது போல ஒரு சத்தம் வந்து, அதன்பின் வேறு ஒருவருடைய குரல் வந்தது. கட்டையான, கரகரத்த, ஆண்பிள்ளைக் குரல். பிறகு ஒரு கிழவி, "ஆத்தா தொண்டையில எறங்கிட்டா!" என்று கத்தினாள். பெண்கள் குலவை போட்டார்கள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் லோரிக்காரர் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. அருள் வந்துவிட்டது. கரகம் அவர் தலைக்கு ஏறியது. எல்லாரும் அவள் காலில் விழுந்தார்கள்.

நான் ஒருத்திதான் விழவில்லை. அவள் தொண்டையில் ரத்தம் கசிந்திருக்கிறது, இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று யாரிடம் சொல்வது? கையைத் தூக்கிக் கும்பிடும் ஆட்களிடம் கிளினிக் என்று சொன்னால் அடிக்க வருவார்கள்.

ஊரில் எங்கேயும் தொண்டை கட்டினால் சுக்கு போட்டுக் கொடுப்பார்கள். இங்கே தொண்டை கட்டியதற்குச் சூடம் கொளுத்தினார்கள். அம்மன் வந்து உட்கார்ந்திருக்கும் குரல் என்று திருவிழா முடியும் வரை அவளை விடாமல் பாட வைத்தார்கள். தீமிதிக்குப் பாடினாள். ரத ஊர்வலத்தில் தொழிலாளர் லைன் வீடுகள்தோறும் நின்று பாடினாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்தக் கரகரப்பைக் கேட்டுக் கும்பிட்டார்கள். கும்பிடக் கும்பிட அவளும் நம்பினாள்.

"மஞ்சத் தண்ணி ஊத்துனதும் ஆத்தா எறங்கிருவா, கொரலு திரும்பிடும்னு பூசாரி சொல்றாரு டீச்சர்."

மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். குரல் திரும்பவில்லை. அடுத்து அமாவாசைக்குச் சரியாகும் என்றார்கள். பிறகு பௌர்ணமி என்றார்கள். நான் அவளோடு சண்டை போட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாக, மலையிலேயே இருக்கும் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கேயிருந்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள்.

மூக்கு வழியாகச் சின்ன கேமரா விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் தமிழ்ப் பெண். திரையில் குரல் வரும் இரண்டு மடிப்புகளைக் காட்டினாள். ஒன்று வெள்ளையாக இருந்தது. இன்னொன்று சிவந்து தடித்துக் கிடந்தது.

"உள்ள ரத்தம் கட்டியிருக்கு. அதுக்கு மேலயே பேசிப் பேசி, பாடிப் பாடி, இப்ப தழும்பாயிருச்சு. அன்னிக்கே வாய மூடிட்டு வந்திருந்தீங்கன்னா பெரும்பாலும் தானா ஆறியிருக்கும்கா."

"இனி?" என்று நான் கேட்டேன்.

"பாடக் கூடாது. கத்தக் கூடாது. குரல் பயிற்சிக்கு வரணும். பொறவு ஆபரேஷன் பண்ணலாமான்னு பாப்போம். பழைய குரல் வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆத்தா இல்லையா அது?" என்று என்னிடம் கேட்டாள். டாக்டருக்குப் புரியவில்லை.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. "பிள்ளைங்க கேட்டுத் திருப்பிப் பாடணுமே டீச்சர், நான் என்ன செய்ய?" என்றார். ரிங்லெட் தம்பியைச் சேர்த்துக்கொண்டார். அவள் மறுபடி சலிக்கும் இடத்துக்கே போனாள். அங்கே தூசி. மெஷின் சத்தத்தில் யாரிடமும் எதைச் சொல்வதென்றாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். குரல் பயிற்சி வார நாளில், ஈப்போவில். லீவு கேட்டால் கிராணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஒரு தடவை போனாள், பிறகு போகவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பேசவாவது ஒரு குரல் மிஞ்சியிருக்கும். முடியவில்லை. மற்ற எஸ்டேட் கோயில்களிலிருந்து ஆள் வர ஆரம்பித்தார்கள். ஆத்தா உட்கார்ந்த குரல் எங்கள் கோயிலிலும் பாட வேண்டும் என்றார்கள். அவள் போனாள். எங்கெல்லாம் கூப்பிட்டார்களோ அங்கெல்லாம் போனாள். கேள்விப்பட்டதும் அவள் லைன் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க? ஒனக்கு மூளை இருக்கா?"

"கத்தாதீங்க டீச்சர். ஒங்க தொண்ட கெட்டுப்போவும்." சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சத்தம் இல்லை, காற்றுதான் வந்தது.

"விளையாடாத. இனியும் பாடுனா பேச்சும் போயிரும்."

மீனைக் கீழே வைத்தாள்.

"நல்ல தொண்டையோட பாடுனப்ப என்னை ஒரு எடத்துல ஒக்காரச் சொன்னாங்களா? ஓரமா நின்னு பாடுனேன், அப்படியே வீட்டுக்கு வந்தேன். இப்ப சேர் போட்டு, மாலை போட்டு ஒக்கார வைக்கிறாங்க. கிராணி எந்திரிச்சு நிக்கிறாரு டீச்சர், நான் வந்தா. ஸ்கூல் வேலை போச்சு. இதையும் விட்டுட்டு நான் என்னத்த வச்சுக்கிறது?"

நல்ல குரலை யாரும் மதிக்கவில்லை, கெட்ட குரலைக் கும்பிட்டார்கள் என்றால் அவள் எதைப் பிடித்துக்கொள்வாள்? பாட்டு சொல்லிக் கொடுக்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். நன்றாகப் பாடுகிறவர்களை நன்றாக இருக்கும்போதே முன்னால் உட்கார வையுங்கள். நாற்காலி போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி போதும்.

அடுத்த திருவிழா வந்தது. மறுபடி ஆற்றங்கரை. இந்த முறை புது ஜெனரேட்டர், பெரிய ஒலிபெருக்கி. தலைவர் என்னைப் பார்த்து, "போதுமா டீச்சர்? இப்ப சந்தோஷமா?" என்றார். பாட்டு ஆரம்பித்தது. அவள் இரண்டாவது வரிக்குப் போவதற்குள்ளேயே லோரிக்காரருக்கு அருள் வந்துவிட்டது. பம்பை உச்சத்துக்குப் போனது. எல்லாரும் கரகத்தைப் பார்த்து ஓடினார்கள்.

அவள் வாயருகே மைக்கை வைத்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்திருந்தது. ஒலிபெருக்கியில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. சிரமப்பட்டு ஒரு தடவை முயன்றாள், இன்னொரு தடவை முயன்றாள். ஒன்றும் வரவில்லை. போன வருடம் பாட்டு நின்றால் எஸ்டேட்டே அழிந்துவிடும் என்றார்கள். இந்த வருடம் அருள் சீக்கிரமே வந்துவிட்டது, பாட்டு நின்றதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. ஊர்வலம் மேலே ஏறிப் போய்விட்டது. மைக்செட்காரன் வந்து அவள் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு போனான்.

அதன்பின் அவளுக்குக் குரல் கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் காதருகில் வந்து காற்றாகச் சொல்வாள். ஈப்போவில் ஆபரேஷனுக்குப் பேர் கொடுத்திருக்கிறோம். டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை.

அவளுக்குக் குரல் போய்விட்டது என்று தெரிந்ததும் தலைவர் என் கொட்டகைக்கு வந்தார். என் வகுப்பில் ஒரு பெண், இடைநிலைப்பள்ளியில் படிக்கிறவள், நன்றாகப் பாடுவாள். அடுத்த வருடத்துக்கு அவளைக் கேட்டார்.

"தர மாட்டேன்."

"ஒங்ககிட்ட எதுக்குக் கேக்குறேன்னா மரியாதைக்கு. அவ அம்மா சரின்னுட்டாங்க."

"அவ அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"டீச்சர், இந்தக் கொட்டகை எஸ்டேட்டோடது. மானேஜர் எங்கிட்டதான் எல்லாத்தையும் கேப்பாரு. பாத்துக்குங்க." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த அம்மாவிடம் பேசினேன். "ஏன் டீச்சர் தடுக்குறீங்க? என் பிள்ளை மேல ஆத்தா வர்றது ஒங்களுக்குப் பொறுக்கலையா?" என்று கேட்டாள். சாமி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மைக் வேண்டும், தண்ணீர் வேண்டும், மாற்றுக்கு ஆள் வேண்டும், தொண்டை கட்டினால் அன்றைக்குப் பாடக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு நாலு வார்த்தைதான் ஆகிறது. அதை ஒருவர் காதிலும் போட முடியவில்லை.

நடந்ததைக் குரல் போனவளிடம் போய்ச் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? கேட்டுவிட்டு என் காதருகே வந்தாள். "அந்த அம்மாவை வகுப்புக்கு வரச் சொல்லுங்க. நானும் வர்றேன்" என்றாள்.

வந்தாள். வேலை முடிந்து நேராக, தூசியோடு. அந்த அம்மாவும் மகளை அழைத்துவந்து கடைசியில் நின்றாள். நான் நாற்காலி போட்டு இவளை முன்னால் உட்கார வைத்தேன். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஃபோனில் சுருதியை வைத்தேன். நாலரைக் கட்டை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு 'ச' பிடிக்க வாயைத் திறந்தாள். காற்று வந்தது. கழுத்து நரம்பெல்லாம் எழுந்து நின்றது. மறுபடி திறந்தாள். பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான், பிறகு பயந்து நிறுத்திக்கொண்டான். அவள் விடவில்லை. சுருதி ஓடிக்கொண்டே இருந்தது. அவள் திரும்பத் திரும்ப வாயைத் திறந்து காட்டினாள். நான் போய்ச் சுருதியை நிறுத்தும் வரை காட்டினாள்.

அந்த அம்மா மகள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். மகள் வாசல் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கோயிலில் மகள் பேரைக் கொடுத்துவிட்டார்களா, வாபஸ் வாங்கிவிட்டார்களா என்று எனக்கு இன்னும் தெரியாது. அந்த மகள் அதன்பின் வகுப்புக்கு வரவில்லை. வந்தால், முதலில் அவள் வணக்கம் சொல்வதைக் கேட்பேன்.